94 பாகையில் கொதிக்கும் நீர்

நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனில் 96க்குச் சற்றுக் கீழே. பருப்பு வேக நேரமாகிறதே என்று லயத்து அடுப்படியில் தினமும் பார்க்கிற விடயந்தான் இது. ஆனால் வாகனத்தின் முன்மூடியைத் திறந்ததும் நமக்கு இது மறந்துபோகிறது. எஞ்சின் நீரின் வெப்பத்தைச் சொல்லும் அந்தச் சிறிய சென்சர் பழுதாவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் பழுதில்லாத சென்சர்மேல் பழி விழுவதற்கு இந்த மலையின் உயரமும் ஒரு காரணம். அதை விசாரித்துப் பார்க்க வேண்டிய வழியையும் இதே மலைதான் தருகிறது.

பழி எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக ஏ7 வீதியில் ஒரு கார் ஏறிவருகிறது. நுவரெலியாவில் நிறுத்தும்போது ரேடியேட்டர் பக்கமிருந்து ஆவி கிளம்புகிறது, தண்ணீர் கொப்பளித்து வழிகிறது. சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் 95 பாகை என்கிறது. தண்ணீர் கொதிக்கிறது, சென்சரோ எல்லாம் சரி என்கிறது, ஆகவே சென்சர் பொய் சொல்கிறது என்று முடிவாகிவிடுகிறது. உண்மையில் சென்சர் சொன்னது சரியாகவே இருக்கலாம். நல்ல எஞ்சின் ஒன்று 85 முதல் 100 பாகைக்குள்தான் ஓடும். அந்தச் சூட்டில் நீர் கொதிக்காமலிருப்பது ரேடியேட்டர் மூடியின் தயவால். மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்குமே, அது உள்ளே தேக்கிவைக்கும் அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தம் கொதிநிலையைச் சுமார் 20 பாகை மேலே தள்ளிவிடுகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தோ ரப்பர் வெடித்தோ போனால், கொழும்பில் வெறும் தண்ணீருக்கும் 100 பாகை வரை இடம் இருக்கிறது. நுவரெலியாவில் 94லேயே எல்லாம் முடிந்தது. வழியில் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றி ஊற்றி கூலன்ட் நீர்த்துப்போன வண்டியென்றால், கூலன்ட் தரக்கூடிய சில பாகைப் பாதுகாப்பும் இல்லை. இந்த நிலையில் சென்சரை மாற்றினால் புதிய சென்சரும் அதே 95ஐத்தான் சொல்லும். (சூடான எஞ்சினின் மூடியைத் திறந்து பார்ப்பது எங்கும் ஆபத்து, இங்கே இன்னும் ஆபத்து. கொதிக்காத நீர்கூட அழுத்தம் விட்ட அந்தக் கணத்தில் சீறி முகத்தில் அடிக்கும்.)

சென்சரின் உள்ளே இருப்பது சூடு ஏற ஏற மின்தடை இறங்குகிற ஒரு சிறு துண்டு. பெரும்பாலான ஜப்பானிய வாகனங்களில் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்டும். 80 பாகையில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். எஞ்சினின் கணினி 5 வோல்ட்டை அனுப்பி, திரும்பும் அளவைப் பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. ஆகவே அதைச் சோதிக்க மல்டிமீட்டரும் ஒரு பாத்திரம் சுடுநீரும் போதும். இங்கேயும் உயரம் குறுக்கே வருகிறது. சென்சரைக் கொதிநீரில் விட்டு, 100 பாகைக்கு அட்டவணையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால், நுவரெலியாவில் அது கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடுதலாகவே காட்டும், ஏனென்றால் நீர் 94 பாகையில்தான் இருக்கிறது. கணக்குத் தவறியது நம்மிடம், சென்சரிடம் அல்ல. பாத்திரத்தில் ஒரு வெப்பமானியையும் கூடவே விட்டால் இந்தக் குழப்பமே இல்லை. கொழுந்து வாட்டும் இடத்தில் ஈரக்குமிழ், உலர்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்திருப்பதைத் தோட்டத்துப் பேக்டரியில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். ஒன்றை மட்டும் பார்த்து அங்கே யாரும் முடிவெடுப்பதில்லை.

பாத்திரமும் வேண்டாத ஒரு சோதனையை நம் விடியற்காலை இலவசமாகத் தருகிறது. இரவு முழுதும் நின்ற வண்டியில் எஞ்சின் நீரும், எஞ்சினுக்குள் போகும் காற்றும், வெளிக்காற்றும் ஒரே குளிரில் இருக்கும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் நீரின் சூட்டையும் காற்றின் சூட்டையும் பார்த்தால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 8, நீர் 40 என்றால் அந்த 40ஐ நம்ப முடியாது. சூடாக இருப்பதாகத் தவறாகச் சொல்லும் சென்சரால் கணினி குளிருக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைத் தராது. கொழும்பின் 27 பாகையில் எப்படியோ கிளம்பிவிடும் கார், இங்கே தை மாதக் குளிரில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஏப்ரல் வசந்த காலத்துக்கு வந்த வெளியூர் வாகனம் காலையில் கிளம்ப மறுத்தால் முதலில் பற்றரியைத்தான் சந்தேகிக்கிறோம். பற்றரியாகவும் இருக்கலாம், ஆனால் ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

சென்சர் ஒன்றும் பெரிய விலையில்லையே, மாற்றிப் பார்த்துவிடலாமே என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் இருந்த வண்டியையே ஓட்டியாக வேண்டியிருந்ததால், கழற்றி எடுத்த பழைய பாகங்களின் தேவையும் கூடியது. அப்படி வாங்கிய சென்சர் அளவுக்குள் இருக்கிறதா என்பதையும் அளந்துதானே பார்க்க வேண்டும்? சில பழைய மாடல்களில் முள்ளுக்கு ஒரு சென்சர், கணினிக்கு வேறொன்று. ஒன்றுக்கு மற்றதை மாற்றுவதும் நடக்கிறது. மாற்றும்போது உள்ளே புகுந்த காற்றை முழுதாக வெளியேற்றாவிட்டால் புதிய சென்சர் நீரைத் தொடாமல் காற்றில் நின்று தவறாகச் சொல்லும். இதைவிட மோசமானது, நீர் குறைந்துபோன வண்டியில் சென்சரைக் குறை சொல்லிக்கொண்டு ஓட்டுவது. தான் தொடுவதைத்தான் அது சொல்ல முடியும். நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கையில் அது அமைதியாகவே இருக்கும். ஹெட் கேஸ்கட் போன பிறகு வரும் செலவு, ஹயர் ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் பல மாத வருமானம்.

ஸ்கேனரே சென்சர் என்று சொல்லிவிட்டதே என்பது இன்னொரு வாதம். பி0117, பி0118 என்ற குறியீடுகள் ஒரு பாகத்தைக் குறிப்பவை அல்ல, அந்த மின்சுற்றைக் குறிப்பவை. முதலாவது மின்னழுத்தம் மிகக் குறைவு என்கிறது, இரண்டாவது மிக அதிகம் என்கிறது. வயர் அறுந்தாலும் பி0118 வரும். சென்சரின் இணைப்பைக் கழற்றினால் பெரும்பாலும் மைனஸ் 40 காட்ட வேண்டும். வயர் பக்கத்தின் இரு முனைகளையும் இணைத்தால் 120க்கு மேல் ஏற வேண்டும். (சில கணினிகள் பழுதைக் கண்டதும் 80 போன்ற ஒரு நிலையான எண்ணை வைத்துக்கொள்ளும், அதையும் நினைவில் கொள்ள வேண்டும்.) இரண்டும் சரியாக மாறினால் வயரும் கணினியும் நல்லவை, அப்போது சென்சரைத் தாராளமாக மாற்றலாம். மாறாவிட்டால், மூடுபனியிலும் மழையிலும் ஊறும் நம் வண்டிகளின் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஓடும்போது எண் திடீரென 40 பாகை தாவி, மறுகணம் திரும்பினாலும் சந்தேகம் இணைப்பின் மேல்தான் விழ வேண்டும். சில லீற்றர் தண்ணீர் ஒரு நொடியில் அப்படிச் சூடாகி ஆறாது.

வீதியும் ஒரு சாட்சிதான். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது சூடு கூடி, நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்குக் கீழ்க் கியரில் இறங்கும்போது 60க்கும் கீழே போகிறதென்றால், சென்சர் ஒழுங்காக வேலை செய்கிறது. ரேடியேட்டருக்கு நீர் போகும் வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட், திறந்தபடி நின்றுவிட்டதைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சம்பந்தமில்லாமல் ஒரே எண்ணில் நின்றால் சென்சரை விசாரிக்கலாம். மலை ஏறச் சூடாகிறது என்று தேர்மோஸ்டாட்டையே கழற்றி வீசிவிட்ட வண்டிகளும் உண்டு. அவற்றில் நம் குளிரில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. இன்னும் குளிர்தான் என்று நம்பிக் கணினி பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும், பிளக்கில் கரி படியும், பி0128 என்று குறியீடு வரும். 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி, ஒரு காருக்கு வாரம் 20 லீற்றருக்காக வரிசையில் நின்ற நாட்டில் அந்தப் பெட்ரோல் கரியாவதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு வாங்க வேண்டியது தேர்மோஸ்டாட்.