சோம்பேறிக் கிருமி
பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு



கிருமி என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது வேகம். நம் குடலில் வாழும் பாக்டீரியா ஒன்று, உணவும் இடமும் வாய்த்தால் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆனால் அப்படிப் பிரிவதற்கே 12 முதல் 14 நாட்கள் எடுத்துக்கொள்ளும் ஒரு சோம்பேறிக் கிருமியும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது ஒருமுறை பிரிவதற்குள் அது ஏறக்குறைய ஆயிரம் முறை பிரிந்திருக்கும். (அத்தனைக்கும் உணவு எங்கே கிடைக்கும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை கேட்டார்கள். நியாயமான கேள்விதான்!) அந்தச் சோம்பேறிதான் தொழுநோய்க் கிருமி.

இதைப் பற்றி எழுத நமக்குத் தனி உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். உலகத் தொழுநோய் வரலாற்றில் நம் செங்கற்பட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஊரை அடுத்த திருமணியில் 1920களில் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. அங்கே பணிபுரிந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், 1940களில் டாப்சோன் என்ற மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். அதற்கு முன்பு நீரடிமுத்து எண்ணெயை ஊசி வழியாக ஏற்றுவதே மருத்துவமாக இருந்தது. 1955இல் மத்திய அரசு அந்த மருத்துவமனையை ஏற்றுக்கொண்டு, பயிற்சியும் ஆராய்ச்சியும் நடக்கும் நிலையமாக்கியது. இத்தனை பெருமை இருந்தும், மாமல்லபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் "திருமணி" என்று சொல்லிப் பாருங்கள். "அந்த ஆஸ்பத்திரியா?" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்!

அப்படிக் குரல் தாழ்த்தும் அளவுக்கு இக்கிருமி வல்லமை உடையதா? 1873இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் டாக்டர் ஹான்சன் இதைக் கண்டறிந்தார். இன்றுவரை இதை ஆய்வுக்கூடத் தட்டில் எவராலும் வளர்க்க முடியவில்லை. வெப்பம் இதற்கு ஆகாது. ஆகவே நம் உடலிலும் சற்றுக் குளிர்ச்சியான இடங்களையே தேடிப் போகிறது. தோல், மூக்கின் உட்புறம், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் ஆகியவையே இதன் இருப்பிடங்கள். எலியின் உள்ளங்காலிலும், உடல் வெப்பம் குறைந்த அர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கிலும்தான் ஆராய்ச்சியாளர்கள் இதை வளர்க்கிறார்கள். மருந்து உண்ணாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகும்போது, மூக்கு வாயிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளால் இது பரவுகிறது. அப்போதும் 100 பேரில் ஏறக்குறைய 95 பேரின் உடல் இதைத் தானாகவே எதிர்த்து விரட்டிவிடும். எஞ்சியவர்களிடமும் நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டு ஆகிறது. சிலருக்கு 20 ஆண்டும் ஆகலாம்.

அப்படியானால் விரல்கள் மடங்கிப்போவது எதனால்? முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் சுரீர் என்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதல்லவா? அந்த நரம்பில் இக்கிருமி குடியேறும். அதை எதிர்த்து நம் உடல் நடத்தும் போராட்டத்தில் நரம்பு வீங்கிக் கெடும். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கும். அதைவிடக் கொடியது, உணர்ச்சி அற்றுப்போவது. சித்திரை மாதத்து நண்பகலில் மாமல்லபுரம் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். நான்கு எட்டு வைப்பதற்குள் குதித்து ஓடுவோம். அந்தச் சூடு தெரியாதவர் ஓட மாட்டார். அவர் கால் கொப்புளிக்கும், புண்ணாகும், வலி இல்லாததால் அந்தப் புண்ணோடே நடப்பார். கிருமி விரலைத் தின்பதில்லை. காவல் போன வீடுபோல, வலி போன விரல்தான் சிறிது சிறிதாக அழிகிறது.

இதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர்; 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தவர். காக்ரேனைப் பார்க்கச் செங்கற்பட்டுக்கு வந்தபோது, மடங்கிய கையுடைய நோயாளி ஒருவரோடு கைகுலுக்கினார். செத்த கை என்று எண்ணியது இரும்புபோல் இறுகப் பிடித்ததாம்! தசை உயிரோடுதான் இருக்கிறது என்று உணர்ந்து, தசைநாணை மாற்றி வைத்து விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை 1948 முதல் வேலூரில் செய்யலானார். ஒரு கைகுலுக்கலில் தொடங்கியது அது. தொடத் தயங்கியிருந்தால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

தொட்டால் ஒட்டிக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. மொலக்காய் தீவில் புனித தமியானுக்கு நோய் தொற்றவில்லையா என்றும் கேட்பீர்கள். உண்மை. ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873இல் அவர் அத்தீவுக்குச் சென்றார். 1889இல் அந்நோயாலேயே இறந்தார். ஆனால் 1888இல் அதே இடத்துக்குச் சென்று 30 ஆண்டுகள் புண்களைக் கழுவிக் கட்டிய அன்னை மரியான் கோப்பை நாம் ஏன் நினைப்பதில்லை? அவருக்கு நோய் வரவில்லை. அவரோடு இருந்த சகோதரிகள் ஒருவருக்கும் வரவில்லை. அவர்கள் காலத்தில் மருந்தும் இல்லை. இன்றோ, ரிபாம்பிசின் முதல் வேளையிலேயே கிருமிகளில் மிகப் பெரும்பகுதி மாண்டுபோகிறது. நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் விரைவில் நின்றுவிடுகிறது.

கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல். நம் நாட்டில் நோயாளிகளைப் பிடித்து அடைக்க இடம் தந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதிகள் நீக்கப்பட்டது 2019இல். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் ஆகிய மூவரின் சட்டங்களிலும் அந்த விதி இருந்ததாம். இதில் மட்டும் என்ன ஒற்றுமை! சோம்பேறி என்று நான் கிருமியைத்தான் அழைத்தேன். மருந்து கிடைத்து 38 ஆண்டுகள் கழித்து ஒரு வரியை அடித்த நம்மை என்னவென்று அழைப்பது?

2005 டிசம்பரில் இந்தியா பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. அதைக் கேட்டு நோயே ஒழிந்தது என்று பலர் எண்ணிவிட்டார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு நம் நாட்டில் இது புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகில் பாதிக்கு மேல் நாம்தான்.

நோய் மெதுவாக வருவதால் நமக்கு நிறைய அவகாசம் கிடைக்கிறது. அதை நாம் மறைப்பதற்கே செலவிடுகிறோம், அதிலும் பெண் பிள்ளைகள் விஷயத்தில். நிறம் வெளிறிய, அல்லது சற்றுச் சிவந்த, உணர்ச்சி குறைந்த ஒரு தேமல் முதுகிலோ தொடையிலோ தோன்றும். அரிக்காது, வலிக்காது. "யாரிடமும் சொல்லாதே, நாளைக்கு வரன் பார்க்க வேண்டும்" என்பார்கள் வீட்டில். பள்ளிகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வரும்போது பெண்கள் கைகளை நீட்டிக் காட்டுவதோடு சரி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெண் மருத்துவரோ செவிலியரோ தனி அறையில் முதுகையும் கால்களையும் பார்க்க ஏற்பாடு செய்யவேண்டும் என்பது என் கோரிக்கை. தேமலெல்லாம் தொழுநோய் அல்ல; பெரும்பாலும் அழுக்குத் தேமலாகவே இருக்கும். பஞ்சு நுனியால் தொட்டால் தெரிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மாத்திரைகளில் ஒன்று தோலைச் சிறிது கறுக்க வைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதற்கு அஞ்சியே பாதியில் நிறுத்துவோர் உண்டு. மருந்து முடிந்தபின் அந்தக் கறுப்பு மெல்ல மறைந்துவிடும். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தேமல் அதிகமானால் 12 மாதம் உண்ணவேண்டும். ஐந்துக்கு மேற்படாவிட்டால் பெரும்பாலும் 6 மாதம். ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் ஒரே ஒரு தேமலைக் காட்டி மருந்து தொடங்கும் மாணவி, அரையாண்டுத் தேர்வோடு மருந்தையும் முடித்திருப்பாள்.