ஆலயத்தில் ஒளி எங்கே விழ வேண்டும்?

ஆரணியில் பட்டு நூலின் சாயத்தைச் சோதிக்கும் நெசவாளர், அரக்கிலும் மாம்பழ மஞ்சளிலும் உள்ள நுட்பமான பேதங்களை விளக்கொளியை நம்பி நிச்சயிக்காமல், நூற்கழியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே திருப்தி கொள்வார். ஒளி மாறினால் வர்ணமும் மாறும் என்று பரம்பரையாக அறிந்த இப்பிரதேசத்து ஜனங்கள், தாங்கள் தொழும் தேவாலயத்துக்கு விளக்கமைக்கும்போதும் அதே சிரத்தையைக் காட்ட வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் பழைய பணித்தலங்களுள் ஆரணியும் ஒன்று. மின்சாரம் வராத அக்காலத்தில் ஆலயத்தின் ஒளி சாளரங்களின் வழியே பக்கவாட்டில் வந்தது. தூண்களுக்கு நிழலும், நிழலால் கம்பீரமும் உண்டாயின. இன்றோ, புதுப்பித்தல் என்ற பெயரில் பல ஊர்களில் கூரை முழுவதும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) வெள்ளை விளக்குகளைப் பதித்து, பலிபீடத்தின் பின்னே நிறம் மாறும் எல்.இ.டி. பட்டைகளையும் ஓடவிட்டு, ஆராதனை ஸ்தலத்தைக் கல்யாண மண்டபமாக்கிவிடுகிறார்கள். இதை நான் மனமார வெறுக்கிறேன்.

வாட் எத்தனை என்று கேட்பதோடு விசாரணை முடிந்துவிடலாகாது; ஒளியின் நிறத்தையும் கேட்க வேண்டும். மெழுகுவர்த்தியின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். அதற்கு உறவான 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள இளஞ்சூட்டு ஒளியே மரப்பீடத்துக்கும் சுண்ணச் சுவருக்கும் இசைவானது. நிறங்களை உள்ளபடி காட்டும் குணத்துக்கு 100 வரை அளவீடு உண்டு. அது 90-க்குக் குறைந்தால் குருவானவரின் அங்கியும், பெண்கள் உடுத்திவரும் ஆரணிப் பட்டும் சோபையிழந்துவிடும். பாட்டுப் புத்தகம் படிக்கும் முதியோருக்கு இருக்கைகளின்மேல் போதிய வெளிச்சமும், பீடத்தின்மேல் அதைவிடச் சற்று மிகுதியும் விழ, விளக்கு மட்டும் எவர் கண்ணையும் உறுத்தாமல் மறைந்திருக்க வேண்டும். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 2014-இல் ஏறத்தாழ 7000 எல்.இ.டி.களைப் பொருத்தியவர்கள், அவற்றைப் பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படாமல் வைத்தே மைக்கலாஞ்சலோவின் வர்ணங்களைத் துலங்கச் செய்தார்கள்.

செலவை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. குறைந்த விளக்குகளைத் தக்க இடத்தில் வைப்பதுதான் காரியம். ஆகையால், சபைக் கமிட்டியார் பணம் கொடுப்பதற்கு முன், ஒப்பந்தக்காரரை ஓர் இரவு வரவழைத்து, இரண்டொரு விளக்கைத் தற்காலிகமாக மாட்டச் செய்து, கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாக.