எடுத்துச் செல்லப்பட்ட மேசை

சிறுவர்க்குரிய நூலிலே சாவு வரலாமோ? சென்ற கிழமை ஆசிரியர் ஓய்வறையில் இவ்வினாவை எழுப்பிய நண்பர் ஒருவர், கதரின் பற்றர்சன் என்னும் அமெரிக்க அம்மையார் 1977 இல் வெளியிட்ட 'தெரபித்தியாவுக்கு ஒரு பாலம்' என்ற நாவலைப் பள்ளி நூலகத்தில் வைத்தலாகாது என்றார். 1978 இல் நியூபெரிப் பதக்கம் பெற்ற நூல் அது. ஆயினும் அந்நாட்டிலேயே அதனை அகற்றுமாறு முறையீடுகள் எழுந்ததுண்டு. யான் உடன்படேன்.

வேர்ஜீனியா நாட்டுப்புறத்துப் பத்து வயதுச் சிறுவன் ஜெஸ். அவன் சித்திரம் வரைவது தந்தைக்குப் பிடிக்காது. புதிதாய் வந்த லெஸ்லியோ ஓட்டத்தில் ஆண்பிள்ளைகள் அனைவரையும் முந்தியவள். வீட்டிலே தொலைக்காட்சி இல்லாமையால் வகுப்பாரின் நகைப்புக்கு ஆளானவள். ஒதுக்கப்பட்ட இவ்விருவரும் ஓடைக்கு அப்பாலுள்ள காட்டிலே தமக்கென ஓர் அரசு சமைக்கின்றனர். மரத்திற் கட்டிய கயிற்றைப் பற்றி ஊஞ்சலாடியே அங்கு செல்லல் வேண்டும்.

ஒருநாள் சங்கீத ஆசிரியை ஜெஸ்ஸைச் சித்திரசாலை காட்ட வாஷிங்ரனுக்கு அழைத்துச் செல்கிறார். லெஸ்லியும் வரலாமா என அவன் கேட்டிலன். அன்றே கயிறறுந்து அவள் ஓடையில் வீழ்ந்து இறந்தாள்.

அவன் மீண்டும் பள்ளிக்கு வரும்போது அவளுடைய மேசை வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. கடுமைக்குப் பேர்போன மையர்ஸ் ஆசிரியை அவனை வெளியே அழைக்கிறார். ஏச்சு விழுமென நிற்கிறான். தம் கணவர் இறந்தபோது அழவேண்டாம் எனப் பிறர் தம்மைத் தேற்றியதையும், மறக்கச் செய்ய முயன்றதையும், தாம் மறக்க விரும்பாததையும் அவர் சொல்கிறார்.

இவ்விடத்தில் நூலை மூடிவிட்டேன். பல்லாண்டுகளின் முன் என் வகுப்பு மாணாக்கன் ஒருவன் கேணியில் வீழ்ந்து இறந்தான். மறுநாளே இடாப்பில் அவன் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினேன். வாங்கிலே அவனருகில் இருந்தவனை முன்வரிசைக்கு மாற்றினேன். நன்னூற் பாடத்தைத் தொடர்ந்தேன். பிள்ளைகள் மனந்தேற அதுவே வழியென்பது என் எண்ணம். அந்த மற்றவனோ எவரோடும் சேராதவன். இறந்தவன் ஒருவனே அவனுக்குத் துணை. அவனோடு யான் ஒரு சொல்லும் பேசிலேன். தவணை முடியுமுன் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

அம்மையார் இக்கதையை வெறுங் கற்பனையிற் கண்டாரல்லர். தம் சிறு மகனின் தோழி 1974 இல் மின்னல் தாக்கி இறக்க, அவன் துயரை அருகிருந்து கண்டவர் அவர். சிறுவர்க்கு ஒவ்வாதென நண்பர் அஞ்சுவது ஒரு சிறுவன் பட்ட துன்பத்தையேயாம்.

நண்பரிடம் நூலைக் கொடுத்திருக்கிறேன். மையர்ஸ் ஆசிரியை பேசும் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு வைத்தே கொடுத்தேன்.