‘கோதுமை ஒவ்வாமை’ என்று எழுதுவதை நிறுத்துவோம்

தமிழில் உடல்நலம் பற்றி எழுதுவோர் பலர் சீலியாக் நோயைக் ‘கோதுமை ஒவ்வாமை’ என்றே பெயர்க்கின்றனர். மொழியியல் பயின்றவன் என்ற முறையிலும், தாராவியில் இந்நோயோடு வாழும் ஒருத்தியின் அண்ணன் என்ற முறையிலும் இதை மறுக்கிறேன். இப்பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன, இரண்டும் பிழை.

முதலில் ‘ஒவ்வாமை’. கோதுமை ஒவ்வாமை என்பது வேறொரு நோய். உண்ட சிறிது நேரத்தில் தடிப்போ மூச்சுத்திணறலோ தோன்றும். சீலியாக் தன்னுடல் தாக்குநோய். கோதுமையின் கிளையடின் புரதத்தில் புரோலின், குளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுதி. ஆதலால் செரிமான நொதிகளால் அதை முழுமையாகச் சிதைக்க இயலாது. எஞ்சும் துண்டுகளைக் குடல் திசுவிலுள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி மாற்றியமைக்கிறது. அவற்றை எதிரியெனக் கருதி நோய் எதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழ, குடலுறிஞ்சிகள் அழிகின்றன. வயிற்றுவலியே இல்லாமல் இரத்தசோகையாக மட்டும் நோய் வெளிப்படுவதும் உண்டு. என் தங்கை நான்கு ஆண்டுகள் இரும்பு மாத்திரை விழுங்கினாள். ‘ஏதேனும் ஒவ்வாமை உண்டா?’ என்று கேட்டபோதெல்லாம் ‘இல்லை’ என்றாள். அவள் சொன்னது உண்மைதான், கேள்விதான் தவறு.

அடுத்து ‘கோதுமை’. பார்லியின் ஹார்டீனும் ரை தானியத்தின் செகாலினும் இதே கேட்டைச் செய்கின்றன. பார்லியை ‘வாற்கோதுமை’ என்று அழைத்த தமிழ், இங்கே நம்மைவிடக் கூர்மையாக இருக்கிறது. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றின் புரதங்கள் இந்நோயைத் தூண்டுவதில்லை. ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே கேழ்வரகையும் அரைத்தால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று.

‘நாம் அரிசி உண்போர், நமக்கு வராது’ என்பார் உண்டு. 2016இல் வெளியான பல்வட்டார ஆய்வு, இந்நோய்க்குரிய தன்னெதிர்ப்பான்களைக் கொண்டோர் வட இந்தியாவில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10 எனக் கண்டது. தெற்கின் எண் சிறிதுதான். ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபணு வகை வடக்கே 38 விழுக்காட்டினரிடமும் தெற்கே 36 விழுக்காட்டினரிடமும் இருந்தது. நாளொன்றுக்கு உண்ட கோதுமையோ வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். வடகிழக்கில் 37 கிராம் உண்போரிடையேயும் நோய் மிகுந்திருப்பதால், அளவு ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் மரபணுவில் நமக்குத் தனிக் காப்பு எதுவுமில்லை என்பது தெளிவு. மும்பைத் தமிழர் வீட்டில் காலையில் பாவ், இரவில் சப்பாத்தி. ரேஷன் கடையிலும் கோதுமை. நம் தட்டு மாறிவிட்டது. நம் நம்பிக்கை மாறவில்லை.

நோய் உறுதியானபின் எங்களுக்குக் கிடைத்த தமிழ்த் துண்டறிக்கை ‘கோதுமையைத் தவிர்க்கவும்’ என்றது. அம்மா சப்பாத்தியை நிறுத்திவிட்டு ரவை உப்புமா கிளறினார். அதை அறியாமை என்று எவரும் எள்ள வேண்டாம். ரவை என்னும் சொல் பருமனைச் சொல்கிறது, மைதா மென்மையை, சேமியா வடிவத்தை. எச்சொல்லும் தானியத்தைச் சொல்வதில்லை. தாராவியிலிருந்து நகரெங்கும் செல்லும் இட்லியில் பசையப் புரதம் இல்லை. அதனுடன் வரும் சாம்பாரில் இருக்கலாம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கும் வழக்கம் உண்டு.

பசையமுள்ள தானியங்களைப் பொட்டலத்தின் மீது அறிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆனால் அவ்வறிவிப்பு ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த என் தாய்க்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சில்லறையாக நிறுத்து வாங்கும் மாவுக்கு அந்த அறிவிப்பும் இல்லை.

‘எளிய மக்களுக்குப் புரிய வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். பிழையான சொல் எளிய சொல் ஆகாது. சீலியாக் நோய் என்றே எழுதுங்கள். பசையப் புரதம் எதுவென்று ஒரே வரியில் விளக்குங்கள். ரவை, மைதா, சேமியா, பார்லி, கூட்டுப் பெருங்காயம் என்று சமையலறைப் பெயர்களாலேயே பட்டியலிடுங்கள். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை விலக்கினால் நோய் புலப்படாமற்போகலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கலைச்சொல் கருத்தரங்குகளில் நாம் நாட்கணக்கில் வாதிடுகிறோம். அந்த உழைப்பில் ஒரு பிற்பகலை இந்தப் பட்டியலுக்குத் தந்திருந்தால், என் தங்கை மேலும் ஓராண்டு உப்புமா உண்டு மெலிந்திருக்க மாட்டாள்.