மெழுகுவர்த்தி ஜோசியம்

மும்பை பங்கு மார்க்கெட் காலை 9-15க்குத் திறந்து பிற்பகல் 3-30க்கு மூடுகிறது. அந்த ஆறேகால் மணி நேரத்துக்குள் வாங்கி விற்று லாபம் காணும் வித்தைக்குக் கையில் ஒரு டெலிபோன் இருந்தால் போதும் என்று நம் இளைஞர்கள் திடமாய் நம்புகிறார்கள். ஆகையால் அந்த வித்தையைச் சற்று ஆராய்வது குடும்பஸ்தர்களுக்கு அநாவசியமான காரியம் அன்று.

முதலில் படங்கள். சிவப்பும் பச்சையுமாக வரிசை வரிசையாய் மெழுகுவர்த்திகள்! ஒவ்வொரு வர்த்தியும் ஐந்து நிமிஷத்தின் சரித்திரம்: ஆரம்ப விலை, முடிவு விலை, உச்சம், தாழ்வு. இந்த முறையின் பூர்வீகம் ஜப்பான். படத்தின் அடியில் ஓடும் 'ஆர். எஸ். ஐ.' என்னும் கோட்டை அமெரிக்கரான வெல்லஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்டார். பதினான்கு வர்த்திகளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சராசரி கண்டு, 0 முதல் 100க்குள் ஓர் எண்ணாகச் சொல்வது அது. 70க்கு மேல் போனால் மிதமிஞ்சி வாங்கிவிட்டார்கள், 30க்குக் கீழே இறங்கினால் மிதமிஞ்சி விற்றுவிட்டார்கள் என்பது சம்பிரதாயம். கணக்கில் பிழையில்லை. ஆனால் கணக்கில் புகுவதெல்லாம் நடந்து முடிந்த விலைகளே அல்லவா? வேகமாய் ஏறும் பங்கு சில நாள் பொழுதெல்லாம் 70க்கு மேலேயே நிற்கும். இனி இறங்கும் என்று எண்ணி விற்றவர் பாடு திண்டாட்டந்தான்.

நம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர், தங்கையின் கல்யாணப் பணத்தை இதில் போட உத்தேசித்து நம்மிடம் யோசனை கேட்டார். மேற்சொன்ன ஆட்சேபத்தைச் சொன்னோம். "இருக்கட்டும், ஸார்! ஆர்டர் வரிசையைப் பார்த்தால் நடக்கப் போவதே தெரிந்துவிடுமே!" என்றார்.

யுக்தி கெட்டிக்கார யுக்திதான். திரையில் வாங்குவோர் கேட்கும் ஐந்து விலைகளும், விற்போர் சொல்லும் ஐந்து விலைகளும், அளவுகளோடு தெரிகின்றன. வாங்கும் பக்கம் 50,000 பங்கும், விற்கும் பக்கம் 8,000மும் நின்றால் விலை ஏறும் என்று நினைப்பது நியாயமே. ஆனால் ஆர்டர் என்பது கிரயமல்ல. கணப்பொழுதில் அதை வாபஸ் வாங்கிவிடலாம். பெரிய ஸ்தாபனங்களோ தங்கள் ஆர்டரில் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். லண்டனில் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து, நிறைவேற்றும் எண்ணமே இல்லாத ஆர்டர்களைச் சிகாகோ மார்க்கெட்டில் குவித்த நவீந்தர் ஸராவோ 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2010 மே 6-ந் தேதி அமெரிக்காவின் டோ குறியீடு சில நிமிஷங்களில் ஏறக்குறைய 1,000 புள்ளி சரிந்து மீண்டதே, அதற்கு அவருடைய ஆர்டர்களும் ஒரு காரணம் என்பது அந்நாட்டு அதிகாரிகளின் வாதம். அன்று வரிசையைப் பார்த்து நம்பியவர்கள் முட்டாள்கள் அல்லர்.

மூன்று மாதம் பணம் போடாமல் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் வியாபாரம் செய்யும்படியும், தரகையும் வரியையும் ஒவ்வொரு தடவையும் கழிக்கும்படியும் மாணவருக்குச் சொன்னோம். கல்யாணப் பணம் பாங்கியிலேயே இருக்கட்டும் என்றோம்.

தரகைக் குறிப்பாய்ச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 'ஸெபி' 2024 ஜூலையில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2022-23-இல் அன்றன்றே வாங்கி விற்ற தனி நபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டமடைந்தார்கள். வருஷத்தில் 500 தடவைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களில் நூற்றுக்கு 80 பேர். நஷ்டப்பட்டவர்கள் அந்த நஷ்டத்துக்கு மேலும் நூற்றுக்கு 57 பங்கு செலவாகக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வயதுக்குட்பட்டவர்களில் நஷ்டமடைந்தவர்கள் நூற்றுக்கு 76 பேர்.