வாளையாரில் யார் ஜாம்பி?

சென்ற மாதம் வாளையாரைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் நால்வர் ஒரு குறும்படத் திரைக்கதையைக் கொண்டுவந்து கருத்துக் கேட்டனர். ஜாம்பிப் படம். கையிருப்பு 18,000 ரூபாய். ஒளிப்பதிவுக்கு ஒரு கைப்பேசி. "பேய்ப் படத்துக்குப் பழைய பங்களா வேணும்ணா, ஜாம்பிப் படத்துக்கு ரோடு போதும்" என்றார் அவர்களில் ஒருவர். இவ்வகைப் படங்களின் வலிமையும் வழுவும் அந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. அவர்களிடம் நேரில் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். திரைப்படம் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதலாம்.

முதலில் வலிமை. அன்றாட இடம், அன்றாட உடை, அன்றாட மனிதர்கள் ஆகிய மூன்றும் இருந்தால் ஜாம்பிப் படம் தொடங்கிவிடலாம். 1968-இல் ஜார்ஜ் ரொமேரோவும் பிட்ஸ்பர்க் நண்பர்களும் ஏறத்தாழ 1,14,000 டாலரில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை எடுத்தபோது அவர்களிடம் இருந்தது ஒரு பண்ணைவீடும் வேடமிட முன்வந்த உள்ளூர் மக்களும்தான். படம் கறுப்பு வெள்ளை. ஆகவே சாக்லேட் பாகே இரத்தமாயிற்று. ஆனால் அரை நூற்றாண்டு கடந்தும் அப்படம் நிற்பதற்குக் காரணம் அந்தப் பாகு அன்று. வீட்டுக்குள் அடைபட்டவர்கள், நிலவறையில் பதுங்குவதா, மேலே நின்று தடுப்பதா என்று ஓயாமல் சண்டையிடுகிறார்கள். அச்சம் வெளியிலிருந்து வருகிறது; அழிவு உள்ளிருந்து வருகிறது. மனிதர் வாதிடுவதைப் படமாக்கப் பெரும்பணம் தேவையில்லை.

ஜப்பானிய இயக்குநர் ஷினிச்சிரோ உவேதாவின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) இன்னும் ஒரு படி மேலே சென்றது. செலவு ஏறத்தாழ 30 லட்சம் யென், நடிகர்கள் அறிமுகமற்றவர்கள். முதல் 37 நிமிடங்கள் ஒரே காட்சித்துண்டு. அதில் தடுமாற்றங்கள், பொருத்தமற்ற மௌனங்கள், காரணமற்ற அசைவுகள் பல. திறமைக் குறைவு என்று நாம் தீர்ப்பெழுதிய பிறகு, பிற்பகுதி அந்த ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் பின்னே இருந்த மனித உழைப்பைக் காட்டுகிறது. வறுமையை மறைக்க முயலாமல் அதையே கதையாக்கியது அப்படம்.

இனி வழுக்கள். கையிலுள்ள சொற்பப் பணத்தை முகக்காயத்திலும் செந்நிறத் திரவத்திலும் செலவிட்டுவிட்டு, ஒலியைக் கடவுளிடம் ஒப்படைப்பது முதல் வழு. மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். விளங்காத பேச்சைப் பொறுக்கமாட்டார். பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலும் சேரும் வாளையாரில் இது சிறு சிக்கல் அன்று. இரண்டாவது, விதிமீறல். ஜாம்பி மெதுவாக நடக்கும் என்று முதல் காட்சியில் நிறுவிவிட்டு, இறுதிக் காட்சியில் அதை ஓடவிட்டால் அச்சம் அங்கேயே செத்துவிடும்.

மூன்றாவது வழு கணக்கில் உள்ளது. பிரித்தானியர் மார்க் பிரைஸ் எடுத்த 'காலின்' (2008) 45 பவுண்டில் முடிந்த படம் என்று புகழ்பெற்றது. அந்த எண்ணைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் முழு உண்மை என்றும் சொல்லமாட்டேன். சமூக ஊடகம் வழியாகத் திரண்ட தன்னார்வலர்களின் நாள்கள் அந்த 45 பவுண்டுக்குள் இல்லை. குறைந்த செலவுப் படம் என்று நாம் சொல்வது பல வேளைகளில் பிறர் செலவில் எடுத்த படம் என்றே பொருள்படும். எனினும் அப்படத்தின் பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதில் காலின் என்பதே ஜாம்பியின் பெயர். கடிபட்டு மாறிய ஓர் இளைஞனைப் படம் முழுதும் பின்தொடர்கிறோம். கூட்டத்தில் ஒருவனுக்குப் பெயர் கிடைத்தவுடன் அந்தக் கூட்டத்தைச் சுடுவது எளிதாக இருப்பதில்லை.

மாணவர்களின் திரைக்கதையில் என்னை உறுத்தியதும் இதுதான். சோதனைச்சாவடிக் கட்டடத்தில் இரு நண்பர்கள் ஒளிந்திருக்கிறார்கள். கோவைப் பக்கமிருந்து நோய் தொற்றிய கூட்டம் வருகிறது. கூட்டமாக நடிக்கப் போகிறவர்கள் கஞ்சிக்கோட்டு ஆலைகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள். "ஞாயிற்றுக்கிழமை வருவாங்கண்ணா, பிரியாணி வாங்கிக் கொடுத்தாப் போதும்" என்றார்கள். அவர்களிடம் வன்மம் இல்லை. சிக்கனம் மட்டுமே இருந்தது. ஆனால் அந்தச் சிக்கனம், நம் ஊரில் யார் மனிதர், யார் ஜாம்பி என்பதையும் முடிவு செய்துவிட்டது.

ஜாம்பியின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது வேதனையான பொருத்தம். இக்கருத்து அடிமைமுறை நிலவிய ஹெய்டியிலிருந்து வந்தது. செத்த பின்னும் வேறொருவருக்காக உழைக்க வைக்கப்படும் உடல் என்பதே அங்கு ஜாம்பி. 1932-இல் வெளியான 'ஒயிட் ஜாம்பி' படத்திலும் அவர்கள் கரும்பாலையில் வேலை செய்கிறார்கள். ரொமேரோவின் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே உச்சரிக்கப்படவில்லை. இரவு முழுதும் போராடி உயிர்பிழைத்த கறுப்பின நாயகனை, காலையில் வரும் துப்பாக்கிக் குழு பிணம் என்று கருதிச் சுட்டுவிடுகிறது. உயிருள்ளவர் யார் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இவ்வகைப் படங்கள் எழுப்பிய மிகச் சிறந்த கேள்வி இதுவே.

நமக்கு மிக அருகில் நிகழும் ஜாம்பிக் கதை சக்தி சௌந்தர் ராஜனின் 'மிருதன்' (2016). ஊட்டியில் தொடங்கும் தொற்று. கோவை நோக்கிய பயணம். அது நட்சத்திரப் படம். நாயகன் சுட வேண்டும்; அதற்காகவே கூட்டம் விழ வேண்டும். பெரும்பட்ஜெட்டுக்கு இது ஏறக்குறையக் கட்டாயம். 18,000 ரூபாய்ப் படத்துக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அதற்கு நட்சத்திரமும் இல்லை, வசூல் கணக்கும் இல்லை. மிகச்சிறு பட்ஜெட்டின் மெய்யான பேறு இந்த விடுதலைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்படத்தின் பார்வையைக் கடன் வாங்குவது வீண்.

மேலும், இதை எடுக்கவிருக்கும் இடம் வாளையார். 2020 மே மாதம் நினைவிருக்கிறதா? அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் திரும்பியவர்கள் இதே எல்லையில் வெயிலில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கு காத்திருந்த ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், அவர்களைப் பார்க்க வந்த மக்கள் பிரதிநிதிகளே தனிமையில் இருக்கப் பணிக்கப்பட்டார்கள். அந்த நாள்களில் சாலையில் நின்றவர்கள் வேற்று மனிதர் அல்லர். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பிய நம் பிள்ளைகள். எல்லைக்கு அப்பால் நின்ற ஒரே காரணத்தால் சில நாள்களுக்கு அவர்கள் தொற்றின் உருவமாகப் பார்க்கப்பட்டார்கள். அந்த அனுபவம் உள்ள ஊர், ஆறு ஆண்டுகளுக்குள் அதே சாலையில் வேறொரு கூட்டத்தை நிறுத்தி அதே பார்வையைப் பார்க்கலாமா?

படத்தை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; கட்டாயம் எடுக்க வேண்டும் என்கிறேன். காயப்பூச்சுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு நல்ல ஒலிவாங்கியை வாடகைக்கு எடுங்கள். கூட்டம் வேண்டாம், மூன்று ஜாம்பிகள் போதும். அவர்களில் ஒருவரேனும், ஒளிந்திருக்கும் நண்பர்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். தொழிலாளர்கள் நடித்தால் ஒரு நாள் கூலியைக் கணக்கில் எழுதிக் கொடுங்கள். கொடுக்க இயலாவிட்டால் நண்பர்களை நடிக்க வையுங்கள். கல்லூரித் திரைப்பட விழாக்களின் நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எவ்வளவு குறைவாகச் செலவானது என்று கேட்டுப் பாராட்டும்போது, யாருக்குக் கொடுக்கவில்லை என்றும் கேளுங்கள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது 'ஜாம்பிகள்: ஊர்மக்கள்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே போடுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.