கேரட் அல்ல, அருகம்புல்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு வெள்ளை முயல் குட்டிகளை மகளுக்காக விலை பேசி முடித்தவரிடம் கடைக்காரர் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான்: "தினம் ரெண்டு கேரட் போடுங்க சார், போதும்." போதாது. கேரட் கடிக்கும் கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னி 1940இல் திரைக்கு வந்ததிலிருந்து முயல் என்றாலே கேரட் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை மிகுந்த அந்தக் கிழங்கு அதற்குப் பண்டிகைப் பலகாரம் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு கொடுத்தால் சரி. முயலின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் அவை தேயும், குடலும் ஓடும். அரை நாளாக எதையும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அடம் அல்ல, ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் ஊரில் முயலைப் பட்டினி போடாமலே பட்டினி போடுவது என்ன கொடுமை! அடுத்தது வெயில். முயல் ஆராய்ச்சி நிலையத்தைக் கொடைக்கானல் மலையில், குளிர்ந்த மன்னவனூரில் வைத்திருக்கிறார்கள். நாமோ மே மாதத்தில் மொட்டைமாடித் தகரக் கூரைக்குக் கீழே கூண்டை வைக்கிறோம். முயல் வியர்வை சிந்தி உடலைக் குளிர்விக்க முடியாத பிராணி. பெரும்பாலும் அந்த நீண்ட காதுகளில் ஓடும் ரத்தம்தான் உடல் சூட்டை வெளியேற்றுகிறது. பாட்டில் தண்ணீரை உறைய வைத்து, துண்டில் சுற்றிக் கூண்டின் மூலையில் போட்டால், அதன்மேல் விலாவைச் சாய்த்து, காதுகளை முதுகோடு தாழ்த்திக்கொண்டு, மத்தியானம் முழுக்கப் படுத்துக் கிடக்கும்.